‘இல்லைங்கய்யா’ என்று சொன்ன காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு காலை நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வராந்தாவில் எங்கள் தெருப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் எல்லோருமே குற்றம் சாட்டப்பட்டவர்கள்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வளைகுடாவில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுதான் என் பெயரில் வழக்கு இருப்பதே தெரிந்தது. அதற்கு முந்தைய கோடையில், குடிதண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரிகள் வந்து பேசியதும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டோம். மறியல் வழக்குப் போட்டிருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அன்றே முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பாஸ்போர்ட் அவசரம். பக்கத்து வீட்டு அக்கா மில்லில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

“ஆமான்னு சொல்லிட்டுப் போயிருவோம்ட்டி” என்றார்.

எதிரே, தன் வழக்குக்காகக் காத்திருந்த ஒரு பெண் வக்கீல் இதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தார். எங்களை முன்பின் தெரியாதவர். விவரம் கேட்டார். சொன்னேன்.

“நீங்க செஞ்சது தப்புன்னு நினைக்கீங்களா?”

“தண்ணி கேட்டது எப்படிங்க தப்பாகும்?”

“பொறவு எதுக்கு ஒத்துக்கிடுதீங்க? அபராதம் கட்டுனாலும் அது தண்டனைதாம்மா. வெளிநாட்டு வேலைக்குப் போலீஸ்ல சான்றிதழ் கேப்பாங்க, அதுல வந்து நிக்கும். மதுரை ஹைகோர்ட்ல இந்த வழக்கையே ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம்.”

இன்னும் கொஞ்ச நேரத்தில் நானே என்னைக் குற்றவாளி ஆக்கியிருப்பேன்.

“நீ வெளிநாடு போறவ, உனக்குச் சரி. எனக்கெதுக்கு ஹைகோர்ட்டு?” என்றார் அக்கா.

“ஒங்க பேருலயும் தண்டனைன்னுதான்க்கா எழுதுவாவ” என்றேன்.

“நான் குடத்தத்தான தூக்கிட்டுப் போனேன். அதுக்கா தண்டனை?” என்றார் அக்கா.

உள்ளே அழைத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். “இல்லைங்கய்யா” என்றேன். ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். அக்காவின் குரல்தான் எல்லோரையும்விடத் தெளிவாக இருந்தது.

மதுரையில் வக்கீலாக இருந்த அவருடைய தோழி எங்கள் எல்லோருக்குமாக மனுப் போட்டார். மாதங்கள் ஓடின. எனக்குக் கிடைத்த வேலை வேறு யாருக்கோ போனது. அழுதேன்தான். ஆனால் ஒப்புக்கொண்டிருக்கலாமே என்று ஒருநாளும் தோன்றவில்லை. அமைதியாகத் தண்ணீர் கேட்டதற்காக இந்த வழக்கைத் தொடர வேண்டியதில்லை என்று ஹைகோர்ட் ரத்து செய்தது. தீர்ப்பு நகலை ஸ்டேஷனில் கொடுத்து, பதிவைத் திருத்தியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எல்லோரும் சேர்ந்தே போனோம். பிறகு விண்ணப்பித்த பாஸ்போர்ட் தடையில்லாமல் வந்தது. இப்போது வளைகுடாவில் வேறொரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன்.

இன்றைக்கும் யாராவது எதையாவது நீட்டி, ‘சட்டுனு முடிஞ்சிரும்’ என்றால், முடிந்த பிறகு என் பெயரோடு என்ன மிஞ்சும் என்பதைக் கேட்காமல் நான் தலையாட்டுவதில்லை.