ஏழு பகோடா

சாந்தோமில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற காஸ்பர், 1972-இல் ஒரு சுற்றுலா வேனில் கைடாகச் சேர்ந்தார். சனிக்கிழமை காலையில் மயிலாப்பூர் குளத்தங்கரையில் ஒன்பது பேர் ஏறுவார்கள். அடையாறு தாண்டிக் கடலோரமாக மாமல்லபுரம் வரை, சவுக்குத் தோப்பு, கட்டுமரம், கோவளம் என்று கையை நீட்டிக்கொண்டே போவார். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முப்பது வருடம் வகுப்பெடுத்தவருக்கு அது புதிதல்ல.

மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரை முதலாளி வேன் மேலேயே பெருமையாக எழுதி வைத்திருந்தார்: 'செவன் பகோடா டூர்'. வினை அங்கேதான் வந்தது. கடற்கரைக் கோயில் வாசலில், டூரில் வந்திருந்த தி.நகர் பாத்திரக்கடைக்காரர் மனைவி புஷ்பம் காஸ்பரை மறித்தார்.

"ஏழு பக்கோடான்னு போட்டிருக்கீய, ஒண்ணையும் காணலையே?"

"பகோடான்னா கோயில்மா. ஏழுல ஆறு கடல்ல முழுகிப்போச்சுன்னு சொல்லுவாங்க. மிச்சம் இந்த ஒண்ணுதான்."

"அப்ப அந்த ஆறுக்கு என்ன பதில் சொல்லுதீய?"

காஸ்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரம் மனைவி ஃப்ளோராவிடம், ஆளுக்கு ஆறு வெங்காயப் பக்கோடா எண்ணிப் பொட்டலம் கட்டச் சொன்னார். கோயில் வாசலில் அதைக் கொடுத்து, "ஒண்ணு இங்க நிக்குது, மீதி ஆறு இதுல இருக்கு" என்றார்.

அன்றைக்கு வேனில் வந்திருந்தவர்களில், வடபழனி சினிமா ஸ்டூடியோவில் தச்சுவேலை செய்யும் வைரவன், நின்றபடியே பொட்டலத்தைக் காலி செய்தார். பிறகு கடற்காற்றில் அரித்துப்போன கோயில் சுவரைத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆறும் ஜோரா கீது சார். இந்த ஒண்ணுலதான் உப்பு ஜாஸ்தியா பூட்ச்சு."