வெற்றிடத்தில் பாடியவள்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். சம்பவம் நடந்தபோது அங்கே இருந்தவரின் வாயாலேயே நான் கேட்டது இது. படங்களுக்கு ஒலிக்கலவை செய்பவர் அவர். கூட வேலை செய்தவர்கள் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டுக்குள் கொசு பறந்தால்கூட எழுந்து வந்து அடிப்பார் என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் இன்று வீட்டில் ஒரு வானொலிகூட வைத்துக்கொள்வதில்லை.

காதுக்காரரின் அக்கா பாடகி. அக்காவின் கணவர் இசையமைப்பாளர். விண்வெளிப் படம் என்றாலே தயாரிப்பாளர்கள் முதலில் தேடிப் போவது அவரைத்தான். அவரை உச்சிக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு காட்சி. கப்பலிலிருந்து கயிறு அறுந்து, இருட்டில் மிதந்து போகும் ஒருத்தியின் கடைசி நிமிடங்கள். சொல்லே இல்லாத ஒரு பெண் குரல் இழைந்து, மெலிந்து, வெறும் மூச்சாகிக் கரையும். தியேட்டரில் ஓர் இருமல்கூடக் கேட்காது.

அந்தக் குரல் அக்காவுடையது. ஆனால் பேட்டிகளில் அத்தான் சொன்னதே வேறு. "அது மனுஷக் குரலே இல்ல. மெஷின்ல நானே உருவாக்கினது."

படத்தில் அக்காவின் பெயர் வரவில்லை. எதிர்த்துக் கேட்க அக்காவும் இல்லை. படம் வெளிவருவதற்கு முன்பே, மூச்சிழுப்பு முற்றி வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார் அத்தான். வெளியூரிலிருந்து காதுக்காரர் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் எடுத்தார்கள். அதே குரலை மறுபடி போட வேண்டும் என்றார் அத்தான். காதுக்காரருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அக்காவின் குரலை யாரோ ஒருவன் வெட்டி ஒட்டுவதைப் பொறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டார்.

நல்ல பட்டப்பகல். நிலத்தடியில் இருந்த அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கலவை மேசையின் முன்னால் இருவர் மட்டும். எதிரே கண்ணாடி. அதற்கு அப்பால் பாடும் அறை... காலியாக, விளக்கணைந்து.

"போடு மாப்ளே."

குரல் எழுந்தது. உடனே காதுக்காரர் நிறுத்தினார்.

"அத்தான், ஆரம்பத்துல ஒரு மூச்சு கேக்குது. முன்னாடி இது இல்லையே?"

"வெட்டிடு."

வெட்டினார். மறுபடி ஓட்டினார். மூச்சு போகவில்லை. இந்த முறை இன்னும் பக்கத்தில் கேட்டது.

குரல் இருந்த ஒலித்தடத்தையே மூடிவிட்டார். மேசையில் அதன் விளக்கு அணைந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. வேறொரு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. பாடும் அறை மைக்கின் விளக்கு.

அங்கே யாரும் இல்லை.

அத்தானின் முகம் சுண்டிப்போனது. "எவனோ விளையாடுறான்..." என்று எழுந்தார். கனமான கதவை இழுத்துத் திறந்து உள்ளே போனார்.

தொப்.

கதவு சாத்திக்கொண்டது. பாட்டும் நின்றது.

ஒலிபெருக்கியில் செருப்புச் சத்தம்... சரக்... சரக்... பிறகு மூச்சுச் சத்தம்.

ஒருவருடையது அல்ல. இரண்டு பேருடையது.

"மாப்ளே... கதவைத் திற!"

காதுக்காரர் ஓடினார். இழுத்தார். சுவரில் காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் அத்தான் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய், கரையில் போட்ட மீனின் வாய்போல் திறந்து திறந்து மூடியது.

அப்போது அக்காவின் குரல் கேட்டது. பாடவில்லை. பேசினாள்.

"நல்லா வருது. இன்னொரு தடவை."

அத்தான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இன்னொரு தடவை."

கண்ணாடியில் கை அறைந்தது... டப்... டப்...

"இன்னொரு..."

டப்.

பிறகு ஒன்றுமில்லை.

கதவு தானாகத் திறந்தது.

மாரடைப்பு என்று எழுதினார் மருத்துவர். அந்தக் கதவில் பூட்டோ தாழ்ப்பாளோ எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அடக்கம் முடிந்த அன்று, அந்தக் கூடத்தில் வயர் இழுக்கும் அண்ணன் காதுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அக்கா வீட்டுல சாகல தம்பி. அந்த ரூம்லதான். பாடும்போதே இழுப்பு வந்துடுச்சு. மருந்து கேட்டு கண்ணாடியத் தட்டினாங்க. நல்லா வருது, இன்னொரு தடவைன்னார் உங்க அத்தான். அந்த மூச்சத்தான் படத்துல போட்டாரு."

"இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல?"

"பயந்துட்டேன் தம்பி." அவர் அழுதுவிட்டார்.

காதுக்காரர் அவரைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய் முதல் பாகத்தின் வட்டைப் போட்டார். அக்காவின் குரலை ஒரு முறை கேட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

காட்சி வந்தது. அக்காவின் குரல் இல்லை. அந்த இடத்தில் ஓர் ஆண் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

வட்டில்தான் கோளாறு என்று நினைத்து, படக் கம்பெனிக்கு ஓடி மூலப் பிரதியை ஓட்டச் சொன்னார்.

அதிலும் அதே ஆண். அதே மூச்சு.

படம் முடிந்தது. திரை இருண்டது. எந்திரத்தை நிறுத்தினார்கள்.

மூச்சு மட்டும் நிற்கவில்லை.