அஞ்சலையக்காவின் இரண்டு படங்கள்

மானியம் வந்தால் அரசாங்கம் கொடுத்தது, வராவிட்டால் நான் கெடுத்தது. வேளாண் துறையில் களப்பணி பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாகூர் பக்கம் வயல் வயலாகப் போய், பயிரோடு விவசாயியையும் நிறுத்திக் கைபேசியில் படம் எடுப்பது என் வேலை. இடமும் அதிலேயே பதிவாகிவிடும். படம் ஏறினால்தான் பணம் வரும்.

வெள்ளைச் சட்டை

நெல்லுக்கான ஊக்கத்தொகைக்காக ஏழுமலை அண்ணனைப் படம் எடுக்கப் போனேன். சேறும் துண்டுமாக நின்றவர், "தோ வந்துட்டேன் மேடம்" என்று போனார். போனவர் போனவர்தான். வெயில் என் மண்டையைப் பிளந்தது. குளித்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி.

பயிரைத்தான் பார்ப்பார்கள், உங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரு சுரைக்காயை என் வண்டியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "கவர்மெண்ட்டு பாக்கற போட்டோ மேடம். நம்மள இன்னா நெனைப்பாங்க?"

அழுகிய கழனி

அடுத்த கழனி அஞ்சலையக்காவுடையது. குத்தகை நிலம், தண்ணீர் தேங்கும் பள்ளக்கால். ஐப்பசி மழையில் நட்ட பயிர் முழுகி அழுகிவிட்டது. கம்மலை அடகு வைத்து வாங்கிய விதை அது. நிவாரணம் வந்தால் மறுநடவு செய்யலாம். வராவிட்டால் நிலம் சொந்தக்காரரிடம் திரும்பிப் போய்விடும். நான் போன அன்றுதான் படம் ஏற்றக் கடைசி நாள்.

போய்ப் பார்த்தால், அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பச்சைப் பசேலென்ற பயிரில் நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேட்டில் இருந்ததால் தப்பித்த ஏழுமலை அண்ணனின் கழனி அது. இதை ஏற்றினால் நிவாரணமும் வராது, பொய் சொன்னதாகப் பெயரும் வரும் என்று கத்தினேன். அக்கா அசையவில்லை. அழுகின கழனியில் நின்று படம் பிடித்தால் அடுத்த வெள்ளாமையும் அப்படியே போய்விடுமாம்.

கெஞ்சினேன், பலிக்கவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நாற்றத்தில் நானே இறங்கினேன். கைபேசியை, சத்தம் கேட்டு வரப்புக்கு வந்திருந்த ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தேன். கெடுதல் வந்தால் எனக்கும் சேர்த்து வரட்டும் என்று சொல்லும்போதே, ஏனோ எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெல்ல இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் அதிகாரி திரையை உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இதுல அழுவறது பயனாளியா, நம்ம ஸ்டாஃபா?"

இன்னொரு படம்

அதிகாரி கேட்டாரே தவிர, படத்தைத் தள்ளவில்லை. நல்ல மனிதர். நிவாரணம் வந்தது, அக்கா மறுநடவு செய்தார். தை கழிந்து ஒருநாள் எனக்குப் போன் செய்து, உடனே கழனிக்கு வரச் சொன்னார். பூச்சியோ நோயோ என்று பதறி, தவளக்குப்பம் நெரிசலில் எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வண்டியை விரட்டினேன்.

அதே பட்டுப்புடவையில் அவர் தன் கழனியிலேயே நின்றிருந்தார். இடுப்பளவுக் கதிர். "எடும்மா" என்றார். இப்போது எந்தத் திட்டமும் இல்லையே, இதை எங்கே ஏற்றுவது என்று கேட்டேன். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, கதிரைத் தடவிக்கொண்டிருந்தார்: "அழுவுன போட்டோவ கவர்மெண்ட்டு வெச்சிக்கட்டும். இத நீ வெச்சிக்கோ."

விண்ணப்பமே போடாமல் மானியம் வாங்கியவள் பாகூர் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.