ரவுண்டானாவில் அப்பாவின் முகம்

சிலையைத் திறந்த அன்று கடைவீதிச் சீரமைப்புக் குழுவினர் எல்லோரும் ரவுண்டானாவில் இருந்தார்கள். பட்டுக்கடை முதலாளிகள் முன்வரிசையில் இருந்தார்கள். சிற்பி இருந்தார். அம்மா பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். மைக்கில் நிகழ்ச்சி நிரலை வாசித்துக்கொண்டு நானும் இருந்தேன். அப்பா மட்டும் இல்லை. முகூர்த்தத்துக்குப் போகவேண்டிய புடவையை அன்றைக்குள் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துத் தந்தாக வேண்டும் என்று தறியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வந்து இன்னாடா பண்ணப்போறேன். அதான் அங்க ஒருத்தன் உக்காந்துகினு கீறானே."

அவர் வந்து சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் எல்லோரும் பார்த்துச் சிரித்திருப்பார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்துவிட்டு அந்தக் குழுவுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ரவுண்டானாவை அகலப்படுத்தி, புல் போட்டு, நடுவில் ஒரு சிலை வைப்பது என்று முடிவானபோது ஆளுக்கொரு தலைவர் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். ஆரணிக்குத் தறிதானே அடையாளம், நெய்கிற ஒருவரை வைக்கலாமே என்று எழுந்து சொன்னேன். அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. சண்டை ஓய்ந்த நிம்மதியில் எல்லோரும் கை தட்டினார்கள். யாரைப் பார்த்துச் செய்வது என்று சிற்பி கேட்டார்.

"எங்க அப்பா இருக்காரு சார்" என்றேன்.

முக அச்சு எடுக்கச் சிற்பி எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பாவைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மாவுக்கட்டுப் பொடியைக் குழைத்து முகம் முழுக்கப் பூசினார். மூச்சு விட இரண்டு குழல். குழலைச் சுற்றி மூக்கில் பஞ்சு. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அம்மா, குடத்தை இறக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

"உசுரோட கீற ஆளுக்கு மூக்குல பஞ்சு இன்னாத்துக்குய்யா?"

"பொடி உள்ள போவாம இருக்கத்தாம்மா. அஞ்சு நிமிசம்."

பேச முடியாத அப்பா, ஒன்றுமில்லை என்பதுபோல இரண்டு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். அம்மா அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?" மூடநம்பிக்கை என்று அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

திறப்பு நாளன்று திரையை விலக்கியதும் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கண்ணை மூடி எடுத்த அச்சில் சிற்பி பிறகு திறந்துவிட்ட கண்கள் அவை. எந்தப் பக்கம் நின்றாலும் நம்மைத் தாண்டி எதையோ பார்த்தன. முதலாளிகள் ஒவ்வொருவராக ஏணியில் ஏறி மாலை போட்டார்கள். ஒவ்வொருவர் பெயரையும் நானே மைக்கில் வாசித்தேன். மாலைகள் தாடை வரை ஏறின.

எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவருக்கு மாலை போட்டால் அந்த நிமிஷமே கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். கல்யாண மாப்பிள்ளையை விட்டால், கழற்றாமல் இருப்பது சாமியும் படத்தில் இருப்பவர்களும்தான். இது எனக்குத் தெரியாததல்ல. அன்று தோன்றவில்லை.

மூன்றாம் நாள், ரவுண்டானா டீக்கடையில் வந்தவாசி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் சிலையைப் பார்த்துக் கேட்டார். "நல்ல மனுசன் மாரி கீறாரு. எப்போ தவறினாரு?"

"தவறலீங்க. காத்தால பாக்கிகூட வெக்காம டீ குடிச்சிட்டுப் போனாரு" என்றார் கடைக்காரர். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம் சிலையின் காலடியில் யாரோ ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அப்பா தெருவில் போனால் பேச்சு சற்றுத் தணிந்தது.

தறியில் பாவு நூல் தீர்ந்ததும், வழக்கமாகப் பாவு கொடுக்கும் முதலாளியிடம் அப்பாவோடு நானும் போனேன். முதல் மாலை போட்டவர் அவர். அவருக்குப் பின்னால் பாவுகள் அடுக்கியிருந்தன. பாவு இல்லை என்றார். நான் அடுக்கைப் பார்த்தேன்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. கல்யாணப் பொடவை எடுக்க வர்றவங்க அந்தச் சிலையச் சுத்திகினுதான் கடைக்கு வராங்க. மாலையோட உக்காந்துகினு கீறவரு நெய்ஞ்ச பொடவைன்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணு வீட்ல தொடுவாங்க? எங்க வீட்டுப் பொம்பளைங்களே எடுத்து மடிக்க மாட்டேங்கறாங்க."

"நீங்கதானே மாலை போட்டீங்க?"

"சிலைக்குப் போட்டேன்பா."

அப்பா மெதுவாகச் சொன்னார். "நான் உசுரோடதான கீறேன் முதலாளி."

"அதான்பா பேஜாரே" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை.

வேறு இரண்டு கடைகளிலும் இதே பதில். முப்பது வருஷமாக முகூர்த்தப் புடவை மட்டுமே நெய்தவரின் தறி சும்மா நின்றது. பகலில் அப்பா கொஞ்சம் கண்ணயர்ந்தால், அம்மா பக்கத்தில் போய் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். நான் அவளிடம் மூடநம்பிக்கை பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

குழுவிடம் போனேன். சிலையை எடுக்க முடியாது, வேண்டுமானால் உன் செலவில் முகத்தை மாற்றிக்கொள் என்றார்கள். "யோசனை சொன்னதே நீதானப்பா."

சிற்பி சாரம் கட்டி ஏறினார். அப்பா வரவேண்டாம் என்று அம்மா அழுதாள். வந்தார். அன்றுதான் அவர் அந்தச் சிலையை அருகில் பார்த்தார். அறுக்கும் மெஷின் மூக்கில் ஆரம்பித்தது. வெள்ளைத் தூள் புல்லில் கொட்டியது. தூள் அப்பா நின்ற இடம் வரை வரவில்லை. ஆனாலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த உடம்பு முகமில்லாமல் தறியில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் முறுக்கு மீசையோடு, யாருடையதும் அல்லாத ஒரு முகம் வந்தது.

பத்து நாள் கழித்து முதலாளி ஆளனுப்பி அப்பாவுக்குப் பாவு கொடுத்தார். ஜரிகை இல்லாத சாதாப் புடவை, பாதிக் கூலி. "கல்யாணத்துக்கு இப்ப வேணாம்பா. ஜனங்க மறக்கட்டும்."

சிற்பியின் கூலி, ஃபைபர், பெயின்ட், சார வாடகை எல்லாம் சேர்த்து, அம்மாவின் தோட்டை அடகு வைத்து நாங்கள் கொடுத்தது பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.