நான்கு பேருக்குக் காயம்

யாழ்ப்பாணம் குருநகரில் வலை பின்னும் சவிரிமுத்துதான் உதைபந்தாட்டக் கழகச் செயலாளர். வருடப் போட்டிகள் முடிந்ததும், பூசைக்குப் பின் கோயில் வாசலில் நின்று ஒவ்வொருவனின் ஆட்டத்தையும் எடைபோட்டு எழுதிய அறிக்கையை வாசிப்பார். சரியாக ஆடாதவனைத் தாய்க்கு முன்னாலேயே ஏசுவார்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் அணி தோற்றுக்கொண்டே போனது. நல்ல ஆட்டக்காரர் நான்கு பேர் இடையில் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டார்கள். அதை எழுதினால் ஆமிச் சிப்பாய்கள் அவர்களுடைய வீடுகளைத் தேடி வருவார்கள். நான்கு பேருக்கும் "காயம்" என்று எழுதிவைத்தார்.

வாசிக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கூட்டத்தில் எவன் காட்டிக்கொடுப்பானோ?

முடித்ததும் அந்த நால்வரில் ஒருவனின் தாய் மக்டலீன் ஓடிவந்து கையைப் பிடித்தாள். மகன் போய் இரண்டு மாதம். ஒரு சேதியும் இல்லை.

"அண்ணை, என்ரை பிள்ளைக்கு எங்கை காயம்?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"காலிலை," என்றார் சவிரிமுத்து.