நாமச் சுவரும் பிளான்காரரும்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொரு புரட்டாசியிலும் பேனாவை எடுப்பேன். மேலே கோவிந்தா என்று போடுவேன். அத்தோடு மூடி வைத்துவிடுவேன். கூடப் பிறந்தவரைப் பற்றிக் குறையாக எழுதினால் பெருமாள் பொறுப்பாரா என்ற பயம் ஒன்று. நான் ஐந்தாவது வரை படித்தவன், அதுவும் பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும். எழுத்து சரியாக வருமா என்ற கூச்சம் இன்னொன்று. இப்போது அண்ணன் இல்லை. அவருடைய பிள்ளைகள் ஊரில் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்தக் கதையில் நான் கிணற்றுப் பக்கத்துக்கு ஆசைப்பட்டுச் சாமியைக் கொடுத்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். நாங்கள் மெட்ராஸ் பக்கம் போக வேண்டும் என்று அண்ணன் கூட்டங்களுக்கெல்லாம் போய்வருவார். எந்தப் பக்கம் ஆனாலும் ஏழுமலையான் இருக்கிற இடத்தில்தான் இருக்கப் போகிறான் என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். "சோத்துக்கு மட்டும் வாயத் தொறக்கறவன் நீ, உன்கிட்ட போய்ப் பேசறேன் பாரு" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. மற்றதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

நைனா விட்டுப்போன வீட்டில்தான் இரண்டு குடும்பமும் இருந்தோம். ஓட்டு வீடு. முன்னால் நீளமான கூடம், அதற்குப் பின்னால் நடுவில் சாமி அறை, ஒரு பக்கம் சமையல்கட்டு, இன்னொரு பக்கம் நெல் வைக்கிற அறை. ஒரே சமையல்கட்டில் இரண்டு அடுப்பு. என் பெண்சாதி ஊதினால் அண்ணி இருமுவாள். அண்ணி இருமினால் அன்றைக்குச் சண்டை. கடைசியில் வீட்டைப் பிரித்து நடுவில் ஒரு சுவர் வைத்துவிடுவது என்று ஆனது. அதில் எனக்கும் சம்மதம்தான். யாரை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் தகராறு.

அண்ணன் திருப்பதியில் ஒரு சத்திரத்தில் தங்கிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அந்தச் சத்திரத்தின் உள்பக்கத்தைப் பற்றியே பேச்சு. "ஒரே ஒரு ரூம்பு. அதுலயே படுக்க, துணி மாட்ட, பொட்டி வெக்க, சமைக்க எல்லாத்துக்கும் எடம். வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னே தெரியல. ஒரு ஆளு பிளான் போட்டுக் குடுத்தானாம். மெட்ராசுல சினிமாவுக்கு வீடு கட்டிக் காட்டறவனாம் முன்னாடி. அவன வர வெச்சிரலாம்."

"வெறும் சுவருதானே அண்ணா? நம்ம மேஸ்திரி கட்ட மாட்டாரா?"

"மேஸ்திரி கட்டுவான். எங்க கட்டறதுன்னு நீ ஒன்னு சொல்லுவ, நான் ஒன்னு சொல்லுவேன். வெளியாளு பேப்பர்ல போட்டா பேச்சு இல்ல. ரெண்டு ராஜ்யத்துக்கே யாரோ வந்துதான் கோடு போடப்போறான். உன் வீடு அதவிடப் பெருசா?"

அந்த வருஷம் நாங்கள் காய்ச்சின வெல்லம் நல்ல விலைக்குப் போகவில்லை. சித்தூர் மண்டியில் கொடுத்துவிட்டு வந்ததில், என் பங்குக்கு ஒரு வாசல் கதவுக்கு மரம் வாங்குகிற அளவுக்குத்தான் கையில் நின்றது. வீட்டைப் பிரித்தால் எனக்குப் புதிதாக ஒரு வாசல் வேண்டும். பிளான்காரருக்குக் கொடுத்தால் கதவு இல்லை; கதவு வாங்கினால் பிளான்காரர் இல்லை. என் பெண்சாதியிடம் கேட்டேன்.

"கதவில்லாத வீட்டுல நாய் நுழையும். பிளான் இல்லாத வீட்டுல உங்க அண்ணன் நுழைவாரு. எது தேவலன்னு நீங்களே பாத்துக்குங்க" என்றாள்.

நான் பல நாள் யோசித்தேன். ஒரு சனிக்கிழமை விரதத்தில் விளக்கேற்றிவிட்டுச் சாமியிடமே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. அண்ணன்தான் வந்தார். "உன் பாதிய எப்பத் தரப்போற?" என்றார். கொடுத்துவிட்டேன். கதவுக்குப் பதில் கீத்துத் தட்டி கட்டிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சாமியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குப் படமோ சிலையோ கிடையாது. சாமி அறையின் பின்சுவர்தான் சாமி. அதன் நடுவில் ஆள் உயரத்துக்கு நாமம். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் சிவப்பு. புரட்டாசி பிறந்ததும் பழைய நாமத்தின் மேலேயே புதிதாக எழுதுவோம். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டோம். நைனா எழுதியதும், அவருக்கு அப்பன் எழுதியதும் அதற்கு அடியில் இருக்கின்றன. புரட்டாசிச் சனிக்கிழமையில் நெற்றியில் நாமம் போட்டுச் செம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வந்து, அந்தச் சுவருக்கு முன்னால்தான் பொங்கி இறக்குவோம். அந்த மாதம் முழுக்க வெளி மனுஷர் யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம்.

பிளான்காரர் வந்தது அந்தப் புரட்டாசியில்தான்.

ஒல்லியான மனிதர். பேச்சில் பாதி தெலுங்கு. கையில் அளவு நாடா, காதில் பென்சில். வந்தவுடனே சமையல்கட்டுக்குப் போய்ப் புகையைப் பார்த்தார். "இக்கட ஒரு ஓட்டை எடுத்துட்டு கண்ணாடி ஓடு போடுங்கோ. வெளிச்சம் வரும். இங்க ஒரு புகைவழி. பழைய கதவுப் பலகை இருக்கா? அதையே அலமாரி பண்ணிக்கலாம், புதுசா கொத்த மரம் வாங்காதீங்கோ" என்றார். சுவருக்குக் கீழே இடுப்பு வரை காவி அடித்தால் அழுக்குத் தெரியாது, மேலே வெள்ளை அடித்தால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும் என்றார். பணம் இல்லாதவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஆள்தான். அதை நான் மறைக்க மாட்டேன்.

பிறகு சாமி அறை வாசலுக்கு வந்தார். அண்ணி குறுக்கே நின்றுகொண்டாள்.

"சுருட்டு வாசனையோட இன்னா உள்ள வர்ற நீ? புரட்டாசி தெரியாதா?"

அந்த வருஷம் முழுவதும் அண்ணியும் என் பெண்சாதியும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். இவளும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"பர்வாலேதம்மா, நான் வெளியேவே அளந்துக்கறேன்" என்றார் அவர். அண்ணனைப் பார்த்து, "உள்ள ஏமுந்தி?" என்று கேட்டார்.

"சாமி இருக்குது" என்றார் அண்ணன்.

"எந்தப் பக்கம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். நடுவில் என்று சொன்னால், அதைப் பேப்பரில் யார் பக்கம் போடுவது என்ற பேச்சு அப்போதே வரும். இந்த மனிதர் அதை அண்ணன் பக்கம் எழுதிவிடுவார் என்று எனக்குப் பயம். என் பக்கம் எழுதிவிடுவார் என்று அண்ணனுக்குப் பயம்.

"உள்ள இருக்குது" என்றார் அண்ணன்.

"ஆமா, உள்ளதான்" என்றேன் நானும்.

அவர் சிரித்துக்கொண்டே வெளிச்சுவரை அளந்தார். தெருப் பக்கம் அளந்தார், கொல்லைப் பக்கம் அளந்தார். கிணறும் சமையல்கட்டும் இருக்கிற பக்கம் எனக்கு, தொழுவமும் நெல் அறையும் இருக்கிற பக்கம் அண்ணனுக்கு என்று ஏற்கெனவே பேசிவைத்த பங்கு. அதில் தகராறு இல்லை. பேப்பரை ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறிப் போய்விட்டார்.

புரட்டாசி கழிந்ததும் மேஸ்திரி வந்தார். தெலுங்குக்காரர், எங்கள் ஊரிலேயே இருப்பவர். பேப்பரில் இருந்தபடி தெருவாசலில் ஒரு ஆணி அடித்து நூலைக் கட்டினார். நூலைப் பிடித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டினார். சாமி அறைக்குள் போனார். பின்சுவர் வரைக்கும் இழுத்துப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரண்டி, சூடண்டி" என்றார்.

போய்ப் பார்த்தோம். நூல் சிவப்பின் மேல் நின்றது. ஒரு விரல் அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. ஒரு வெள்ளை எனக்கு, ஒரு வெள்ளை அண்ணனுக்கு. நைனா எழுதிய சிவப்பின் மேல் செங்கல் ஏற வேண்டும்.

"அண்ணா, நாமத்து மேல சுவரா?" என்றேன்.

"பேப்பர்ல இருக்கறதுதான். நீயும்தானே துட்டு குடுத்த?"

"அந்தாளு உள்ள வந்து பாக்கலியே."

"உள்ளதான்னு நீதானே சொன்ன?"

"நீ சொன்னதத்தானே நான் சொன்னேன்!"

அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "இதுக்கு இன்னாத்துக்குக் கத்திக்கினு கீறீங்க? கொழுந்தனாரு அந்த வெள்ளைய எடுத்துக்கட்டும். நாங்க இந்த வெள்ளைய எடுத்துக்கறோம்."

"செவப்பு, அக்கா?" என்று என் பெண்சாதி கேட்டாள்.

"செவப்பு சுவத்துக்கு."

மேஸ்திரி நூலைக் கீழே விட்டுவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்தார். நாங்கள் முடிவு செய்யாமல் உள்ளே வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

பிளான்காரரை மறுபடி கூப்பிட்டு மாற்றிப் போடச் சொல்லலாம் என்றேன். மறுபடி யார் கொடுப்பது என்று அண்ணன் கேட்டார். என் கதவு ஏற்கெனவே போய்விட்டது. அவர் தனியாகக் கொடுக்கமாட்டார். நூலை அண்ணன் பக்கமாகத் தள்ளினால் நாமம் முழுதாக எனக்கு வரும். அதற்கு அவர் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன் என்றார். ரெண்டாகப் பிளந்தாலும் பரவாயில்லை, தம்பிக்கு முழுசாகப் போகக் கூடாது என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

நான் நாமத்தைப் பார்த்தேன். பிறகு வெளியே போய் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "நூல என் பக்கம் தள்ளுங்க. நாமம் மொத்தமும், சாமி அறையோட, அந்தப் பக்கம் போகட்டும்" என்றேன்.

என் பெண்சாதி அழுதாள். எங்கள் கூடம் நடைபாதை மாதிரி குறுகிவிட்டது. சுவர் எழும்புவதற்கு முன்னால் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "புரட்டாசிச் சனிக்கெழமையில மட்டும் நாங்க வந்து கும்பிட்டுக்கினு போறோம் அண்ணா."

"உம்" என்றார்.

அடுத்த புரட்டாசியில் முதல் சனிக்கிழமை, கோவிந்தா சொல்லி வாங்கின அரிசியோடு நானும் அவளும் அவர்கள் வாசலில் போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. தட்டினோம். உள்ளேயிருந்து அண்ணியின் குரல்: "எங்களுதெல்லாம் பொங்கி முடிஞ்சிபோச்சி. ஒரு தபா எறக்கிட்டா மறுக்கா ஏத்தக் கூடாது." அண்ணன் உள்ளேதான் இருந்தார். அவர் இருமுவது கேட்டது. வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்தேன். பிளான்காரர் சொன்னபடி இடுப்பு வரை காவியும் மேலே வெள்ளையுமாக அடித்து வைத்த என் சுவரில், கண்ணாடி ஓட்டு வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு நாமம் எழுதினேன். அடியில் நைனாவுடையது இல்லாத நாமம். கோணலாகத்தான் வந்தது. அதன் முன்னால் பொங்கினோம்.

பிற்பாடு எல்லை முடிவாகியது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கடைசி வரைக்கும் அவர் கதவை நான் தட்டவில்லை, என் வாசலுக்கு அவரும் வரவில்லை.

கொஞ்சம் காசை வைத்துக்கொண்டு இப்படி ஒரு ஆளை வைக்கலாமா என்று இப்போது வீடு கட்டுகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். அந்த மனிதர் சொன்ன அலமாரியும் புகைவழியும் இன்றைக்கும் எனக்கு உதவுகின்றன. ஆளை வைத்தால் எல்லா அறைக்குள்ளும் விடுங்கள். விட மனசில்லை என்றால் அந்தக் காசில் கதவு வாங்குங்கள். இதுதான் எனக்குத் தெரிந்தது.

கிணற்றுப் பக்கம் முதலிலிருந்தே எனக்கு வந்த பங்கு. அதற்காக நான் எதையும் கொடுக்கவில்லை. நூலை நான் தள்ளச் சொன்னது சிவப்பின் மேல் செங்கல் ஏறக் கூடாது என்பதற்காக. வேறு காரணம் இல்லை என்று ஏழுமலையான் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லும்போது நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். அண்ணனை இதைவிடக் கெட்டவர் ஆக்க வேண்டாம். என்னை இதைவிட நல்லவன் ஆக்கவும் வேண்டாம். உள்ளதான் என்று அன்றைக்கு நானும் சொன்னேன், அதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.