கேட்டு வாங்கினால் வேர் பிடியாது

மலாக்காவின் டுரியான் துங்காலில் பாலாம்பிகை அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லி ஒரு நாள் லீவு எடுத்தவரில்லை. ஆனால் அவர் தோட்டத்தில் நிற்பவற்றில் பாதிக்கு மேல் திருட்டுச் செடிகள்.

“கேட்டு வாங்கின கொப்பு வேர் பிடியாது” என்பார். அவருக்கு அது வேதவாக்கு. கோயில், கல்யாண மண்டபம், பல் டாக்டர் கிளினிக் என்று எந்த இடத்தையும் அவருடைய கைப்பை விட்டுவைத்ததில்லை.

பக்கத்து வீட்டு சுலைஹா கேமரன் மலையிலிருந்து ஒரு கமேலியாவைத் தொட்டியோடு கொண்டு வந்ததில்தான் வம்பு தொடங்கியது. தேயிலைக்கு ஒன்றுவிட்ட தங்கை அந்தச் செடி. அடுக்கடுக்காக ரோஸ் நிறப் பூ. அதைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலிக்கு மேலே கை நீண்டது.

சுலைஹாவின் பயம் வேறு. தன் பொருளைத் திருடிய பாவம் அக்காவின் தலையில் ஏறிவிடக் கூடாதே என்று தவித்தாள். கொப்பு முறியும் சத்தம் கேட்டதும் ஜன்னலிலிருந்து அவள் குரல் வரும். “எடுத்துக்குங்க லா அக்கா. நான் ஹலால் பண்ணிட்டேன்.”

போச்சு, திருட்டு தானமாகிவிடும். இலையைப் பாதியாக வெட்டி, மணலும் தேங்காய் நாரும் கலந்து நட்டு, பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து மூடினாலும் கொப்பு கறுத்துப்போகும். மலாக்கா வெயிலாலும் அது கறுத்திருக்கலாம். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

“நீர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன?” என்று அக்கா வேலியில் நின்று சண்டை பிடிப்பார். நியாயமாகப் பார்த்தால் பறிகொடுத்தவள்தான் சண்டை பிடிக்க வேண்டும்.

மகளின் பிரசவத்துக்காக சுலைஹா ஜொகூர் போனாள். ஹலால் பண்ண ஆளில்லாத நேரத்தில் அக்கா ஒரு கொப்பை முறித்தார். அது ஜம்மென்று வேர் பிடித்தது. தாய்ச் செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சுலைஹாவின் கணவர் மஜீதுக்கு. தன் கடையைத் திறக்குமுன் ஒரு வாளி, மூடிய பின் ஒரு வாளி என்று அன்பாக ஊற்றினார். வேர் அழுகிச் செடி செத்தது.

திரும்பி வந்த சுலைஹா காய்ந்த குச்சியைப் பார்த்து அழுதேவிட்டாள். மஜீது கொஞ்ச நாளைக்குக் கடையிலேயே சாப்பிட்டார்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தன் செடி முழங்கால் உயரம் வளர்ந்ததும் ஒரு கொப்பு கொடுக்கலாம்தான். ஆனால் கொடுத்தால் பிடியாதே. திருடச் சொன்னாலும் அது கொடுத்த கணக்குத்தான். சுலைஹாவோ அடுத்தவர் பொருளைத் தொடமாட்டாள். வேலிக்கு அப்பால் நின்று செடியைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

ஹரிராயா பெருநாள் அன்று பலகாரத் தட்டோடு வந்தாள்.

“தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச தப்பையெல்லாம் மன்னிச்சிடுங்கக்கா.” அது அன்றைக்கு எல்லோரும் கேட்பதுதான். சுலைஹா சற்று நிறுத்தி, “இனிமே செய்யப்போறதையும் சேத்து” என்றாள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கொடுத்தால்தானே பிடியாது, மன்னித்தால் பிடிக்கும்.

“எல்லாத்துக்கும் மன்னிப்புத்தான். இரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

அடுப்படி ஜன்னல் வழியே செடி தெரிந்தது. சுலைஹாவின் கைப்பையிலிருந்து ஒரு குட்டிக் கத்தரிக்கோல் வெளியே வந்து நுனித் தளிருக்குப் போனது. தளிர் பிடியாது. அக்காவால் வாய் திறக்க முடியாது. ஒரு கரண்டியைத் தரையில் போட்டார். கத்தரிக்கோல் நகர்ந்து அடியில் முற்றிய கட்டைக்குப் போனது. இன்னொரு கரண்டி விழுந்தது. பச்சையும் பழுப்புமாக இருந்த நடுக்கொப்புக்கு அது வந்தபோது அடுப்படியில் சத்தமே இல்லை.

தேநீரில் சீனி போட அக்கா மறந்துவிட்டார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுலைஹா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.